தத்துவத்துல பி.எச்.டி.யா, எதுக்கு?

பி.எச்.டி. என்பதில் வரும் 'பி.எச்.' ஃபிலாசஃபிதான் என்பது அந்தப் பட்டத்தை வாங்கினவங்களில் பாதிப்பேருக்கே மறந்துபோயிருக்கும். வேதியியல், வணிகவியல், மீன்வளம், உடற்கல்வி, எதில் ஆராய்ச்சி பண்ணினாலும் கடைசியில் கையில் கொடுப்பது 'டாக்டர் ஆஃப் ஃபிலாசஃபி'. காரணம் ஒண்ணும் பெரிய ரகசியமில்லை. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் மேல்படிப்பு என்றால் மூணுதான்: இறையியல், சட்டம், மருத்துவம். மிச்சம் இருந்த எல்லாத்தையும் ஒரே கூடையில் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கூடைக்குப் பெயர் தத்துவப் பிரிவு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன்காரர்கள் ஆராய்ச்சிப் பட்டம் என்ற ஏற்பாட்டை அந்தக் கூடையில் வைத்துத்தான் வளர்த்தார்கள். அப்புறம் இயற்பியல் தனிக்குடித்தனம் போச்சு, வேதியியல் போச்சு, உளவியல் போச்சு. வீட்டுப் பெயரை மட்டும் எல்லாரும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூத்து என்னன்னா, மீனைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி 'தத்துவ டாக்டர்' ஆனால் மாலை போடுகிற நாம், நிஜமாகவே தத்துவத்தில் பி.எச்.டி. பண்ணப் போறேன் என்று யாராவது சொன்னால் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கேட்கிறோம்: "தத்துவத்துலயா? எதுக்குப்பா?"

இந்த 'எதுக்கு'வுக்கு ரெண்டு ரெடிமேட் பதில் சுத்திக்கிட்டு இருக்கு. ஒண்ணு, வேலை கிடைக்காது, போகாதே. இன்னொண்ணு, சிந்திக்கும் திறன் வளரும், எந்தத் துறைக்குப் போனாலும் ஜொலிக்கலாம், தைரியமாப் போ. முதல் பதில் முக்கால்வாசி உண்மை. ரெண்டாவது பதில் அட்மிஷன் நோட்டீஸ்.

இதைப் பத்திப் பேச உனக்கென்ன யோக்கியதை என்று கேட்கலாம். நான் தத்துவம் படிச்சவன் இல்லை. பி.காம். ஆனால் 1998லிருந்து 2016 வரைக்கும் ஒரு பல்கலைக்கழகத்து வாசலுக்கு எதிரே டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. என்றாலும் கடை வாடகையைக் கொடுத்தது ஆய்வேடுகள்தான். பேஜ்மேக்கர் காலத்திலிருந்து வேர்டு காலம் வரைக்கும் எழுத்தெழுத்தாக அடித்து, திருத்தி, ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்து பொறித்து அனுப்பியிருக்கேன். ஒரு ஆய்வேட்டைக் கைடு முழுசாப் படிச்சாரா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் தெரியும். டைப் அடிச்சவன் படிச்சிருப்பான். அவனுக்கு வேற வழியில்லை.

முதலில் பணத்தைப் பேசி முடிச்சிடறேன். தத்துவம் என்றால் பணத்தைப் பத்திப் பேசக்கூடாது என்று ஒரு பொய்யான நாகரிகம் இருக்கு. அது பெரும்பாலும் அப்பா வீட்டில் நிலபுலன் உள்ளவர்களின் நாகரிகம்.

யுஜிசி நெட் தேர்வில் தத்துவமும் ஒரு பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், அதுக்கப்புறம் 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து உள்ள கணக்கு. வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் அஞ்சு வருஷம் வரைக்கும் வரும். ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு அஞ்சு வருஷம் தளர்வு. 2022 நவம்பரில் வந்த விதிகளின்படி பி.எச்.டி.யை முடிக்கக் குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷம். மறுபதிவு பண்ணினால் இன்னும் ரெண்டு வருஷம் கிடைக்கும். பெண்களுக்கு அதுக்கு மேலும் சலுகை உண்டு. ஆக, ஜே.ஆர்.எஃப். இருந்தால் சாப்பாட்டுக்குக் கவலையில்லாமல் அஞ்சு வருஷம் படிக்கலாம். ஒண்ணாம் தேதி டாண்ணு வந்துவிடும் என்று நம்பி வீட்டு லோன் மட்டும் போடவேண்டாம்.

ஜே.ஆர்.எஃப். இல்லாவிட்டால் கதையே வேற. நெட் இல்லாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாசம் 8,000 ரூபாய் என்று ஒன்று கொடுத்தார்கள். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப்போவதாகச் சொன்னபோது டெல்லியில் மாணவர்கள் யுஜிசி வாசலிலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். எட்டாயிரத்துக்கு அப்படி ஒரு போராட்டம் என்றால், அந்த எட்டாயிரத்தை நம்பி எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படிச்சு முடிச்ச பிறகு? 2018 விதிகளில், பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியர் ஆக பி.எச்.டி. கட்டாயம், 2021 ஜூலையிலிருந்து அமல் என்று போட்டார்கள். ஊரே அடித்துப் பிடித்து ரிஜிஸ்டர் பண்ணிச்சு. அப்புறம் தேதியைத் தள்ளிவைத்தார்கள். 2023 ஜூலையில் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். நெட், செட், ஸ்லெட் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், பி.எச்.டி. விருப்பம் என்று ஆகிவிட்டது. நடுவில் வேலைக்காக மட்டும் சேர்ந்தவர்கள் பாவம்.

தத்துவத்துக்கு இந்தச் சிக்கல் ரெட்டிப்பு. துறை இருக்கிற இடங்களே குறைவு. சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பக்கத்தில் புதுச்சேரி, கல்லூரிகளில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மதுரை தாண்டிக் கருமாத்தூரில் அருளானந்தர் கல்லூரி, இப்படி விரல் விட்டு எண்ணினால் ரெண்டு கை போதும். அங்கே ஒருத்தர் ரிட்டையர் ஆனால்தான் ஒரு நாற்காலி காலி. காலியான நாற்காலியும் சில சமயம் காலியாகவே இருக்கும், கௌரவ விரிவுரையாளர் வைத்து ஓட்டுவார்கள். அவருக்கு வருஷத்தில் பதினோரு மாசம்தான் சம்பளம்.

அதனால் என் கட்சி இது: உதவித்தொகை கிடைச்சாப் போ. கிடைக்கலேன்னா கடன் வாங்கியோ, அம்மா நகையை வைத்தோ இந்தப் படிப்புக்குப் போகாதே. வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் பண்ணலாம், ஆபீஸில் ஒரு தடையின்மைச் சான்று வாங்கினால் விதி அனுமதிக்குது. வேதியியல்காரனுக்கு லேப் வேணும், அவனால் முடியாது. தத்துவத்துக்கு ஒரு நூலகமும் ராத்திரி ரெண்டு மணி நேரமும் சண்டை போட ஒரு ஆளும் இருந்தால் நடக்கும். மதிப்புக் குறைவு என்று பகுதிநேரத்தைச் சிலர் ஏளனம் பண்ணுவார்கள். பண்ணிட்டுப் போகட்டும்.

பணம் முடிஞ்சுது. இனி நிஜமான விஷயம்.

பதினெட்டு வருஷத்தில் நான் அடித்த தத்துவ ஆய்வேடுகளின் பொருளடக்கம் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். தலைப்பு எப்பவும் 'இன்னாரின் தத்துவத்தில் இன்னது - ஓர் ஆய்வு'. முதல் இயல் முன்னுரை. ரெண்டாவது இயல் அன்னாரின் வாழ்க்கை வரலாறு, எந்த ஊரில் பிறந்தார், தாய் தகப்பன் யார், எங்கே படித்தார். மூணாவதில் அவர் சொன்னதையெல்லாம் தொகுத்துச் சொல்வது. நாலாவதில் அவரை இன்னொருத்தரோடு ஒப்பிட்டு, ரெண்டு பேரும் ஒண்ணையேதான் வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. அஞ்சாவது இயல் 'இன்றைய பொருத்தப்பாடு'. அதில் கட்டாயம் உலக அமைதி வரும். முடிவுரையில் இன்னும் ஆராயவேண்டியவை என்று அஞ்சு தலைப்பு. அந்த அஞ்சு தலைப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த வருஷம் இன்னொருத்தர் கடைக்கு வருவார். பெயரை மட்டும் மாற்றி, பழைய ஃபைலைத் திறந்து, 'சேவ் ஆஸ்' போட்டு ஆரம்பித்த நாட்களும் உண்டு. இதை நகைச்சுவைக்காகச் சொல்லலை.

இப்போ திருட்டைப் பிடிக்க மென்பொருள் வந்தாச்சு. 2018 விதிப்படி பத்து சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனால் பரவாயில்லை, அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. நல்லதுதான். ஆனால் அந்த மென்பொருளுக்கு வாக்கியம் வேறயா என்று மட்டும்தான் தெரியும். இதில் ஒரு கேள்வியாவது இருக்கா என்று அதுக்குத் தெரியாது. முந்நூறு பக்கத்தைச் சொந்த வாக்கியத்தில், ஒரு வரி திருடாமல், ஒன்றுமே கேட்காமல் எழுதிவிடலாம். நிறையப் பேர் எழுதியிருக்காங்க. நானே அடிச்சிருக்கேன்.

ஒரே ஒரு ஆள் வேற மாதிரி வந்தார். ஒல்லியா, கசங்கின சட்டை, கையில் எப்பவும் ஒரு மஞ்சப்பை. அவர் எடுத்துக்கொண்ட விஷயம் செத்தவங்களுக்குக் கொடுத்த வாக்கு. அப்பாவுக்கு ஒரு சத்தியம் பண்ணிக் கொடுத்தாச்சு, அப்பா போயிட்டார். இப்போ அந்த வாக்கு யாருக்குக் கடமைப்பட்டிருக்கு? கேட்க ஆள் இல்லாத கடன், கடன்தானா? ஆள் இல்லையே, மீறினால் யாருக்கு அநியாயம்? மீறினால் உறுத்துதே, அந்த உறுத்தல் வெறும் பழக்கமா, நிஜமாவே ஏதோ ஒரு தப்பைக் காட்டுதா? மூணாவது இயலை நாலு தடவை மாத்தினார். ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்துத்தான். "நேத்து ராத்திரி யோசிச்சேன் சார், நான் எழுதினது நிக்காது"ன்னு வந்து நிற்பார். நல்லாத்தானே சார் இருக்கு என்றால், "நல்லா இருக்கு, ஆனா நிக்காது" என்பார். ஏழு வருஷம் ஆச்சு. மத்தவங்க மூணு வருஷத்தில் தங்க எழுத்துப் போட்டுக்கிட்டுப் போன இடத்தில் அவருக்கு ஏழு வருஷம். இப்போ ஒரு பொறியியல் கல்லூரியில் எதிக்ஸ் பேப்பர் எடுக்கிறார். வேலைக் கணக்கில் பார்த்தால் அந்த மூணு வருஷக்காரர்களைவிட இவர் கீழேதான். நான் அடித்த அத்தனை ஆய்வேட்டிலும் ஒண்ணே ஒண்ணு இன்னும் என் மண்டைக்குள் ஓடிக்கிட்டிருக்கு என்றால் அது இவருதுதான்.

வெளியூர்க் கதைகளைப் பார்த்தாலும் இதேதான். விட்கென்ஸ்டைன் 1929இல் கேம்பிரிட்ஜில் பி.எச்.டி. வாங்கினார். எட்டு வருஷத்துக்கு முன்னாடியே அச்சாகி, உலகமே பேசிக்கொண்டிருந்த தன் புத்தகத்தையே ஆய்வேடாகக் கொடுத்தார். கைடு என்று பேருக்குப் போட்ட ஃபிராங்க் ராம்சே அவரைவிட 14 வயது சின்னவர். தேர்வாளர்கள் ரஸ்ஸலும் மூரும், ரெண்டு பேரும் பழைய சிநேகிதர்கள். அவருக்குப் பட்டம் ஒரு சம்பிரதாயம், கேள்வி எப்பவோ இருந்தாச்சு. இன்னொரு பக்கம் சால் கிரிப்கி. 2022இல் காலமானார். 20ஆம் நூற்றாண்டின் பெரிய தர்க்கவாதிகளில் ஒருத்தர், பிரின்ஸ்டனில் பேராசிரியர். படித்து வாங்கிய பட்டம் ஹார்வர்டு பி.ஏ. மட்டும்தான். மிச்சமெல்லாம் தேடி வந்து கொடுத்த கௌரவப் பட்டங்கள். நம்ம திருத்தணி ராதாகிருஷ்ணனை எடுத்துக்கோங்க. தத்துவம் படிக்க வந்ததே, பட்டம் முடித்த ஒரு உறவுக்காரர் தன் பாடப்புத்தகங்களைக் கொடுத்ததால். வேற பாடம் என்றால் புத்தகம் வாங்கக் காசில்லை. ஆனால் கிறித்தவக் கல்லூரியில் எம்.ஏ.வுக்கு அவர் எழுதிய ஆய்வு, வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமே இல்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதில். அதாவது எதிரே ஒரு ஆள் நின்று வாதாடினான், இவர் பதில் சொன்னார். 1908இல் அது புத்தகமாகவும் வந்தது. எதிராளி இருந்ததால் எழுத்து வந்தது.

(கிரிப்கியைக் காட்டி, பட்டமே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீங்க. அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தர்க்கத்தில் கட்டுரை எழுதினவர். நம்ம கணக்கில் சேராது.)

நிற்க. இவ்வளவும் இப்போ ஏன் என்றால், என் அக்கா மகள். 26 வயசு, பி.இ., சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். ரெண்டு வருஷமா ராத்திரி உட்கார்ந்து இக்னோவில் எம்.ஏ. தத்துவம் முடிச்சிட்டா. இப்போ வேலையை விட்டுட்டு பி.எச்.டி. போறேங்கறா. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்காங்க. அக்கா போன் பண்ணி, "நீ சொன்னாக் கேப்பாடா. நீ எத்தனை பி.எச்.டி.க்காரங்களைப் பாத்திருப்பே, அவங்க படற பாட்டை எடுத்துச் சொல்லு"ன்னா. சரின்னு போனேன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "தலைப்பைச் சொல்லாதேம்மா. உன் கேள்வி என்ன?"

தலைப்பு ஏதாவது ஒப்பிப்பாள் என்றுதான் நினைச்சேன். அவ சொன்னதை அப்படியே எழுதறேன். "மாமா, எங்க வேலை என்ன தெரியுமா? ஒரு ப்ரோகிராமை எல்லா விதத்துலயும் ஓட்டிப் பாத்துட்டு, இதுல தப்பு இல்லைன்னு கையெழுத்துப் போடறது. நான் பாத்தது என்ன? தப்பு கண்ணுல படலை, அவ்வளவுதான். தப்பு கண்ணுல படலைங்கறதும் தப்பு இல்லைங்கறதும் ஒண்ணா? இல்லாத ஒண்ணை யாராவது பாக்க முடியுமா? பாக்கலைன்னா, எதை நம்பி நான் கையெழுத்துப் போடறேன்?"

எனக்குப் பேச்சு வரலை. எடுத்துச் சொல்லத்தான் போனவன் நான்.

ஏன்னா இது ரொம்பப் பழைய சண்டை. கணினிக்காரர்களில் டைக்ஸ்ட்ரா 1970 வாக்கிலேயே, சோதனை என்பது தப்பு இருப்பதைக் காட்டும், தப்பு இல்லை என்று ஒருக்காலும் காட்டாது என்று சொல்லிவிட்டார். ஆனால் அவருக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாலேயே இந்த ஊரில் இதை வைத்து வெட்டுக்குத்து நடந்திருக்கு. 'தரையில் குடம் இல்லை' என்பதுதான் அவங்க உதாரணம். குடம் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நியாயக்காரர்கள் சொன்னது: இல்லாமையும் ஒரு பொருள்தான், அதைக் கண்ணாலேயே பார்க்கிறோம். மீமாம்சகர் குமாரிலர் சொன்னது: அதெப்படி, கண்ணுக்குத் தெரிவது தரைதான், இல்லாமையை அறிய தனியாக ஒரு அளவை வேணும். பௌத்தர் தர்மகீர்த்தி சொன்னது இதெல்லாத்தையும்விடக் கெட்டிக்காரத்தனம்: இல்லாமை என்று தனியாக ஒரு வஸ்து கிடையாது. இருந்திருந்தால் கண்டிப்பாகக் கண்ணில் பட்டிருக்கும் என்கிற ஒரு பொருள் கண்ணில் படாதபோது மட்டும்தான் அது இல்லை என்று ஊகிக்கலாம். குடம் தெரியலை, அதனால் குடம் இல்லை, சரி. பேய் தெரியலை, அதனால் பேய் இல்லை என்று சொல்ல முடியாது. பேய் இருந்தாலும் தெரியாதே!

இதை அவளுடைய டெஸ்டிங் வேலையில் வைத்துப் பாருங்க. அவ தேடற தப்பு குடம் ஜாதியா, பேய் ஜாதியா? இருந்திருந்தால் இந்தச் சோதனையில் பட்டிருக்கும் என்று சொல்லும்படியான தப்பா, இருந்தாலும் படாத தப்பா? ஒரு கையெழுத்து எந்த ஜாதியை நம்பி நிற்குது? ஆஸ்பத்திரியில் "கட்டி ஒண்ணும் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோமே, அந்த நிம்மதிக்கும் இதே கேள்விதான்.

இதெல்லாம் எங்கேயோ வடக்கே நடந்தது, நமக்கென்ன என்று நினைக்கவும் வழியில்லை. மணிமேகலை வஞ்சிக்குப் போய் ஒவ்வொரு சமயத்தாரையும் உன் கொள்கையைச் சொல் என்று கேட்கிறாளே, 27ஆம் காதை, அதில் அளவைவாதி அடுக்குகிற பட்டியலில் 'அபாவம்' இருக்கு. இல்லாமையை அறிகிற வழி என்று அர்த்தம். அப்புறம் 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது முழுக்கத் தர்க்கம்: பக்கம், ஏது, திட்டாந்தம், அவற்றின் போலிகள். ஒரு காப்பியத்தில் கதாநாயகிக்குத் துறவு கொடுக்குமுன் வாதப் பிழைகளைப் பாடமாக நடத்துகிறார்கள்! 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை எண்ணும்போது அபாவத்தையும் எண்ணிவிட்டு, எல்லாத்தையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார்.

அந்தச் சித்தியாருக்கு ரெண்டு பாதி. சுபக்கத்தில் தன் கட்சி. அதுக்கு முன்னாடி பரபக்கத்தில் 14 எதிர்க்கட்சிகளை வரிசையாக நிறுத்துகிறார், உலகாயதனில் ஆரம்பித்து. ஒவ்வொருத்தன் வாதத்தையும் அவன் வாயாலேயே, அவன் பலத்தோடு சொல்லவிட்டு, பிறகுதான் மறுப்பு. உலகாயதன் பேசுகிற பகுதியைப் படித்தால் கொஞ்ச நேரம் நமக்கே அவன் சொல்வது சரியென்று படும். சைவ மடத்தில் போற்றிப் படிக்கிற நூலில்! எதிராளிக்கு அவ்வளவு இடம் கொடுத்த பரம்பரையில் வந்துவிட்டு, 'இன்னாரும் இன்னாரும் ஒன்றையே கூறினர்' என்று நாலாவது இயல் எழுதினால் எனக்கு வயிறு எரியாதா?

இந்தக் குடச் சண்டையை வைத்தே ஒருத்தர் பி.எச்.டி. பண்ணியிருக்கார். பிமல் கிருஷ்ண மதிலால், வங்காளி. கல்கத்தா சம்ஸ்கிருதக் கல்லூரியில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே பண்டிதர்களிடம் நவ்ய நியாயம் படித்து 1962இல் தர்க்கதீர்த்தர் ஆனார். ஹார்வர்டில் இங்கால்ஸ் என்ற சம்ஸ்கிருதப் பேராசிரியர் அழைக்க, அங்கே போய் 1965இல் பட்டம் வாங்கினார். ஆய்வு, நவ்ய நியாயத்தில் 'இல்லை' என்ற சொல் என்ன வேலை செய்கிறது என்பதைப் பத்தி. அதே வளாகத்தில் குவைன் இருந்தார், நவீன தர்க்கத்தில் அவர் ஒரு மலை. பாட்டன் காலத்துக் குடத்தை எடுத்துக்கொண்டுபோய் அந்த மலைக்கு எதிரே வைத்தார் மதிலால். 1970களில் ஆக்ஸ்ஃபோர்டில், முன்பு ராதாகிருஷ்ணன் உட்கார்ந்த அதே ஸ்பால்டிங் பேராசிரியர் நாற்காலிக்குப் போனார்.

உள்ளூரிலும் நடந்திருக்கு. 1983இல் புனாவில் தயா கிருஷ்ணாவும் நண்பர்களும் ஒரு கூட்டம் போட்டார்கள். ஒரு பக்கம் ஆங்கிலத்தில் தத்துவம் படித்த பேராசிரியர்கள், இன்னொரு பக்கம் ஆங்கில வாடையே இல்லாத நியாயப் பண்டிதர்கள். விஷயம், வாக்கியம் சொல்லும் பொருள் பற்றி ரஸ்ஸல் சொன்ன கோட்பாடு. அதை சம்ஸ்கிருதத்தில் எழுதிக் கொடுத்து, இதுக்கு உங்க பதில் என்ன என்று கேட்டார்கள். பண்டிதர்கள் வணக்கம் சொல்லிவிட்டுப் போகவில்லை, வரிக்கு வரி மல்லுக்கட்டினார்கள். ரஸ்ஸலுக்கு மாலை போட்டு, வாழ்க்கை வரலாறு எழுதி, இன்றைய பொருத்தப்பாடு சொல்வதைவிட அது அவருக்குப் பெரிய மரியாதை.

அதனால் அக்காகிட்ட நான் சொன்னது இதுதான். அவ வேலையை இப்போதைக்கு விடவேண்டாம். நெட் எழுதட்டும். ஜே.ஆர்.எஃப். வந்தா அனுப்பு. வரலேன்னா பகுதி நேரம். மாப்பிள்ளை பார்க்கிறதா இருந்தா, ஆறு வருஷம் இவ ராத்திரி விளக்கைப் போட்டு வச்சிருப்பாங்கறதை முதல்லயே சொல்லிப் பாரு. அதுக்கு முகம் சுளிக்கிற மாப்பிள்ளை வேண்டாம். அக்காவுக்குக் கோபம். "எடுத்துச் சொல்லச் சொன்னா ஏத்திவிட்டுட்டு வந்திருக்கே"ன்னா. அத்தான் பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்தால் கணக்குப் போட்டுக்கிட்டிருக்கார்னு அர்த்தம். போடட்டும். மாசம் 37,000 எவ்வளவு என்று அவருக்கும் தெரியும், அவ இப்போ வாங்கறது அதைப்போல ரெண்டு மடங்கு என்பதும் தெரியும். அந்த வித்தியாசம் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். அஞ்சு வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ். கேள்வி உள்ளே இருக்கிற ஆளுக்கு அது கொடுக்கத் தகுந்த விலை என்பது என் அபிப்பிராயம். தலைப்பு மட்டும் இருக்கிற ஆளுக்கு அந்த விலையில் பாதி கூடத் தண்டம்.

கைடு விஷயத்தில்தான் பயம். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேர் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு. எட்டில் ஒண்ணாகச் சேர்ந்து, கைடு வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறி ஆறு வருஷம் போக்கினவர்களை என் கடையில் பார்த்திருக்கேன். அவர்கள் கொண்டுவரும் கையெழுத்துப் பிரதியில் கைடின் சிவப்புப் பேனா எழுத்துப்பிழையில் மட்டும்தான் விழுந்திருக்கும். அந்த மஞ்சப்பைக்காரர் கொண்டுவந்த தாளில் ஓரம் பூராவும் சிவப்பாக இருக்கும். 'ஏன்?' 'யார் சொன்னது?' 'இதுக்கு அவன் என்ன பதில் சொல்வான்?' என்று வெறும் கேள்வி. அவரைக் கேட்டால் தன் கைடைத் திட்டுவார், ஆனால் ஒருநாளும் மாற்றணும்னு சொன்னதில்லை. அதனால் பெயர், பதவி, எத்தனை கட்டுரை வெளியிட்டிருக்கார் என்பதைப் பார்க்காதே, அவர் மாணவர்களில் ரெண்டு பேரைத் தனியாகப் பிடித்து, "உங்க சார் கடைசியா எப்போ உங்களோட ஒத்துப்போகலை?"ன்னு கேளு என்று அவளிடம் சொன்னேன். அவங்க யோசிக்க ஆரம்பிச்சா அந்த இடம் வேண்டாம்.

நாலு பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பியிருக்கா. தன்னைப் பத்தி ரெண்டு வரி, மிச்சமெல்லாம் அந்தக் கையெழுத்துக் கேள்வி. ஒருத்தர் பதிலே போடலை. ரெண்டு பேர் பயோடேட்டா அனுப்பவும், காலியிடம் இருந்தால் தெரிவிக்கிறோம் என்று எழுதியிருக்காங்க. நாலாமவர் மட்டும் பயோடேட்டாவெல்லாம் கேட்காமல் மூணு வரி எழுதியிருக்கார்: இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்கிறீர்களே, 'பட்டிருக்கும்' என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அதையும் எங்காவது பார்த்தீர்களா?

பத்து நாளாச்சு. அவ இன்னும் பதில் எழுதலை. நாலு தடவை எழுதி அழிச்சிட்டாளாம்.